கால் தமனி நோய்க்கு மெடிக்கல் கோடிங்: சார்ட்டைப் படிப்பதிலிருந்து குவெரி அனுப்புவது வரை

நோயாளியின் மருத்துவப் பதிவை (சார்ட்) படித்து அதற்கான நோய்க் குறியீட்டைப் போடுபவர்தான் கோடர். கால் தமனி நோய் சார்ட் ஒன்று வந்தால் பல கோடர்களின் கை தானாகப் போகும் குறியீடு ஐ73.9. டாக்டர் ‘பிஏடி’ (கை கால் தமனி நோயின் ஆங்கிலச் சுருக்கம்) என்று எழுதியிருக்கிறார், இன்டெக்ஸில் (குறியீட்டு நூலின் அகரவரிசைப் பட்டியல்) தேடினால் அங்கேதான் போய் நிற்கிறது, அடுத்த சார்ட்டுக்குப் போய்விடலாம். சார்ட்டில் அந்த ஒரு வார்த்தை மட்டும்தான் இருக்கிறது என்றால் அது சரியான குறியீடுதான். ஆனால் அதே சார்ட்டின் மூன்றாம் பக்கத்தில் ‘இரு கால்களிலும் அதிரோஸ்கிளீரோசிஸ், இடது குதிகாலில் ஆறாத புண்’ என்று இருந்தால் ஐ73.9 தவறாகிவிடும் (அதிரோஸ்கிளீரோசிஸ் என்பது தமனிச் சுவர் தடிப்பது). அந்தக் குறியீட்டின் கீழேயே எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பு (இதோடு சேர்த்துப் போடக் கூடாதவை) இருக்கிறது: கை கால் அதிரோஸ்கிளீரோசிஸ் என்றால் ஐ70.2 முதல் ஐ70.7 வரை போ என்கிறது. டேபுலரை (குறியீடுகளை வரிசைப்படி, குறிப்புகளோடு தரும் பகுதி) திறக்காமல் இன்டெக்ஸோடு நின்றுவிடுகிறவர்களுக்கு இது கண்ணில் படவே படாது.

இந்த வழிகாட்டி அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள ஐசிடி-10-சிஎம் நோய்க் குறியீடுகளைப் பற்றியது. கால் தமனியில்தான் அதிக நேரம் செலவிடப் போகிறோம், ஏனென்றால் குழப்பம் முழுவதும் அங்கேதான். குறியீட்டின் முதல் எழுத்தை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன் (ஐ = I, ஈ = E, எஃப் = F, எல் = L, எம் = M, டி = T, இசட் = Z).

முதலில் நான்கு கேள்விகள்

என்கோடரை (குறியீடு தேடும் மென்பொருள்) திறக்கும் முன் சார்ட்டிடம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். எந்தக் குழாய்: நோயாளியின் சொந்தத் தமனியா, பைபாஸ் கிராஃப்டா (அடைப்பைத் தாண்டிப் போக வைத்த மாற்றுக் குழாய்)? எந்தப் பக்கம்? அந்தக் காலில் நோய் எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது? சர்க்கரை நோய் இருக்கிறதா? ஐ70 குறியீட்டின் ஒவ்வொரு இலக்கமும் முதல் மூன்று கேள்விகளுக்கான பதில்தான். நான்காவது கேள்வி, அதற்கு முன்னால் இன்னொரு குறியீடு வருமா என்பதை முடிவு செய்யும். பதில் இல்லாத கேள்வி எதுவோ, அதுதான் நீங்கள் டாக்டருக்கு அனுப்ப வேண்டிய குவெரி, அதாவது விளக்கம் கேட்கும் எழுத்துக் கேள்வி.

படி 1: நோயின் பெயர் யார் கையால், எங்கே எழுதப்பட்டிருக்கிறது

ஐ70-க்குள் நுழைய ‘அதிரோஸ்கிளீரோசிஸ்’ அல்லது அதற்கு இணையாக டேபுலர் ஏற்கும் ‘ஆர்ட்டீரியோஸ்கிளீரோசிஸ்’, ‘அதிரோமா’ போன்ற ஒரு சொல் வேண்டும். ‘பிவிடி’ (கை கால் ரத்தக் குழாய் நோய்), ‘பிஏடி’ என்ற சுருக்கங்கள் மட்டும் போதாது. வெறும் ‘கிளாடிகேஷன்’ (நடந்தால் வரும் கால் வலி) என்பதும் ஐ73.9-க்குத்தான் போகும். இன்னொன்று, நடந்தால் கால் வலிப்பதெல்லாம் ரத்த ஓட்டப் பிரச்சினை இல்லை. இடுப்பு முதுகெலும்புக் கால்வாய் சுருங்கினாலும் அதே மாதிரி வலி வரும்; நியூரோஜெனிக் (நரம்பால் வரும்) கிளாடிகேஷனோடு அதற்கு எம்48.062 என்று தனிக் குறியீடே இருக்கிறது. வலியின் வர்ணனையை மட்டும் படித்துவிட்டு கோடர் தமனி நோய் என்று முடிவு கட்டக் கூடாது.

ஏபிஐ எண்ணிலும் இதே பொறி உண்டு. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் அந்த எண் 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பைக் காட்டுகிறது, 1.40-க்கு மேலே போனால் தமனிச் சுவர் சுண்ணாம்பு படிந்து அமுக்க முடியாமல் இருக்கிறது என்று பொருள். சர்க்கரை நோயாளிகளில் இரண்டாவது நிலையை அடிக்கடி பார்க்கலாம். இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் குவெரி எழுத இதுதான் ஆதாரம். ஆனால் ‘ஏபிஐ 0.55’ என்ற எண்ணிலிருந்து கோடர் குறியீடு போட முடியாது.

அப்புறம், வெளிநோயாளியா உள்நோயாளியா என்பதைப் பொறுத்து விதி மாறுகிறது. வெளிநோயாளி விஷயத்தில் ‘சந்தேகம்’, ‘இருக்கலாம்’, ‘இதோடு பொருந்துகிறது’ என்ற தொனியில் எழுதப்பட்ட நோயைப் போடக் கூடாது. அறிகுறியைத்தான் போட வேண்டும். அதே சமயம் ஸ்கேனை ஒரு மருத்துவர் படித்து, அறிக்கை தயாராகி, அதில் நோய் உறுதியாகச் சொல்லப்பட்டிருந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். உள்நோயாளி விஷயத்தில் ஏறக்குறைய தலைகீழ்: டிஸ்சார்ஜ் நேரத்திலும் ‘இருக்கலாம்’ என்று நின்றால் இருப்பதாகவே கோட் செய்யலாம், ஆனால் ஸ்கேன் அறிக்கையில் மட்டும் இருக்கும் கண்டுபிடிப்பைச் சிகிச்சை தரும் டாக்டர் ஏற்று எழுதாமல் போட முடியாது. இரண்டு பக்கமும் வேலை செய்கிறவர்கள் இதில் சறுக்குவது சகஜம்.

படி 2: ஏணியில் எந்தப் படி

ஐ70.2 என்பது கை கால்களின் நேட்டிவ் (சொந்த) தமனிகள். அதற்கு அடுத்த இலக்கம்தான் நோயின் ஏணி:

0 – விவரம் சொல்லப்படாதது
1 – இடைவிட்டு வரும் கிளாடிகேஷன்
2 – ஓய்வில் இருக்கும்போதும் வலி
3 – வலது காலில் புண்
4 – இடது காலில் புண்
5 – கை போன்ற பிற இடத்தில் புண்
6 – கேங்ரீன், அதாவது திசு அழுகல்
9 – வேறு வகை

கடைசி இலக்கம் 0, 1, 2, 6, 9 ஆகிய படிகளில் பக்கத்தைச் சொல்லும்: 1 வலது, 2 இடது, 3 இரண்டு கால்களும், 8 கை போன்ற பிற உறுப்பு, 9 எதுவென்று சொல்லவில்லை. ஐ70.213 என்றால் இரு கால்களிலும் கிளாடிகேஷன், ஐ70.262 என்றால் இடது காலில் கேங்ரீன். புண் படியில் பக்கம் ஏற்கெனவே வந்துவிட்டதால் கடைசி இலக்கம் இடத்தைச் சொல்கிறது: 1 தொடை, 2 கெண்டைக்கால், 3 கணுக்கால், 4 குதிகாலும் நடுப்பாதமும், 5 பாதத்தின் பிற பகுதி (கால் விரல்கள் இதில்தான்), 8 கீழ்க்காலின் பிற பகுதி, 9 இடம் குறிப்பிடாதது.

மேல் படி கீழ்ப் படிகளை விழுங்கிவிடும். ஓய்வு வலிக் குறியீட்டுக்குள் கிளாடிகேஷன் அடக்கம். புண் குறியீட்டுக்குள் இரண்டும் அடக்கம். கேங்ரீனுக்குள் எல்லாமே அடக்கம். அதனால் ஒரே காலுக்கு ஐ70.211-ஐயும் ஐ70.221-ஐயும் சேர்த்துப் போட்டால் ஆடிட்டில் முதலில் மாட்டுவது அதுதான். ஆனால் இந்த விழுங்கல் ஒரு காலுக்குள் மட்டுமே. வலது காலில் கிளாடிகேஷன், இடது காலில் ஓய்வு வலி என்றால் ஐ70.211, ஐ70.222 இரண்டும் வரும். ‘பைலேட்டரல்’ என்ற வார்த்தையைப் பார்த்த வேகத்தில் இரு கால்களையும் ஒரே படியில் ஏற்றிவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. நோய் இரண்டு பக்கமும் இருக்கிறது என்பது ஒன்று, இரண்டு பக்கமும் ஒரே அளவில் முற்றியிருக்கிறது என்பது வேறு.

நோய் எந்த அளவு முற்றியது என்பதை எண்ணால் சொல்லும் ரதர்ஃபோர்டு, ஃபோன்டைன் நிலைகளையும் டாக்டர்கள் எழுதுவார்கள். ரதர்ஃபோர்டு 4, ஃபோன்டைன் 3 என்பவை ஓய்வு வலியைக் குறிப்பவை என்பது உங்களுக்குத் தெரியலாம். தெரிந்தாலும் எண்ணை நோயாக மொழிபெயர்ப்பது கோடரின் வேலையல்ல. ‘ஓய்வு வலி’ என்று அவர்கள்தான் எழுத வேண்டும். ‘கிரிட்டிக்கல் லிம்ப் இஸ்கீமியா’ (காலுக்கு ரத்த ஓட்டம் ஆபத்தான அளவுக்குக் குறைவது) என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். டேபுலரில் அது ஓய்வு வலி, புண், கேங்ரீன் ஆகிய மூன்று படிகளிலும் இடம்பெறுகிறது. புண்ணோ கேங்ரீனோ இருந்தால் அது சார்ட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்; வேறு விவரம் இல்லாதபோது டேபுலர் அந்தச் சொல்லை ஓய்வு வலிப் படியில் வைக்கிறது.

படி 3: புண் இருந்தால் நிதானமாகப் படியுங்கள்

புண் வந்தால் ஒரு குறியீட்டோடு முடியாது. ஐ70.23 அல்லது ஐ70.24-க்குப் பின்னால் எல்97 கண்டிப்பாக வரும், அது புண்ணின் ஆழத்தைச் சொல்வதற்கு. அதன் கடைசி இலக்கத்தைப் பாருங்கள்: 1 தோல் மட்டும் சிதைந்திருக்கிறது, 2 கொழுப்பு அடுக்கு தெரிகிறது, 3 தசை செத்திருக்கிறது, 4 எலும்பு செத்திருக்கிறது, 5 தசை வரை போயிருக்கிறது ஆனால் சாகவில்லை, 6 எலும்பு வரை போயிருக்கிறது ஆனால் சாகவில்லை, 8 வேறு குறிப்பிட்ட ஆழம், 9 ஆழம் குறிப்பிடவில்லை.

5, 6 இரண்டும் பலருக்கு நினைவில் நிற்பதில்லை. ‘எலும்பு தட்டுப்படுகிறது’ என்று எழுதியிருந்தால் கை 4-க்குப் போய்விடுகிறது. எலும்பு செத்திருப்பதாகச் சார்ட் சொல்லாதவரை 6-தான்.

இங்கே கோடருக்கு ஒரு சலுகையும் உண்டு. புண் என்ற நோயை ப்ரொவைடர் (சிகிச்சைக்குப் பொறுப்பான டாக்டர் போன்றவர்) எழுத வேண்டும். ஆனால் அதன் ஆழத்தை நர்ஸ் குறிப்பிலிருந்தோ காயப் பராமரிப்புக் குறிப்பிலிருந்தோ எடுத்துக்கொள்ள அதிகாரபூர்வ வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. அதனால் டாக்டர் குறிப்பை மட்டும் படித்துவிட்டு 9 போடாதீர்கள். டிரெஸ்ஸிங் செய்த நர்ஸ் அநேகமாகக் கொழுப்பு தெரிகிறதா, தசை தெரிகிறதா என்று எழுதியிருப்பார்.

குதிகால் புண் என்றால் இன்னொரு சந்தேகம் எழ வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் குதிகாலில் வருவது பெரும்பாலும் அழுத்தப் புண். அதற்கு எல்89 என்று தனிக் குடும்பமே இருக்கிறது, அங்கே ஆழம் நிலை எண்ணாக வரும். தமனி நோயும் இருக்கிறது, நோயாளி வாரக்கணக்கில் படுக்கையில் என்றால் எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ‘குதிகால் புண், நிலை 3’ என்று எழுதிவிட்டு மதிப்பீட்டில் ‘ஆர்ட்டீரியல் அல்சர்’ (தமனி நோயால் வந்த புண்) என்று போட்டிருக்கும் சார்ட்டுகளும் வரும். நிலை எண் அழுத்தப் புண்ணின் மொழி. முரண் இருந்தால் குவெரிதான் வழி.

கேங்ரீனோடு புண்ணும் இருந்தால் ஐ70.26-ஐப் போட்டு ஆழத்துக்கு எல்97-ஐச் சேருங்கள். தனியாக ஐ96 வேண்டாம். வேறெங்கும் வகைப்படுத்தப்படாத கேங்ரீனுக்குத்தான் அது.

படி 4: சர்க்கரை நோய் நுழைந்தால்

ஐசிடி-10-சிஎம் இன்டெக்ஸில் சர்க்கரை நோயின் கீழ் ‘வித்’ என்ற சொல்லுக்கு அடியில் வரும் நோய்கள் எல்லாம் சர்க்கரையோடு தொடர்புடையவை என்று விதியே அனுமானிக்கிறது. டாக்டர் ‘சர்க்கரையால்’ என்று எழுத வேண்டியதில்லை. தொடர்பில்லை என்று அவர் தெளிவாக எழுதினால்தான் பிரிக்க வேண்டும். பெரிஃபெரல் ஆஞ்சியோபதி (கை கால் ரத்தக் குழாய் நோய்) அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே டைப் 2 சர்க்கரையும் பிஏடியும் ஒரே சார்ட்டில் இருந்தால் ஈ11.51, கேங்ரீன் வந்துவிட்டால் ஈ11.52. டைப் 1 என்றால் அதே இலக்கங்கள் ஈ10-இல்.

இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஈ11.51 பக்கத்தையும் சொல்லாது, படியையும் சொல்லாது. அதிரோஸ்கிளீரோசிஸ் என்று விவரமாக எழுதப்பட்டிருந்தால் ஐ70.2-ஐயும் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவமனைச் சங்கத்தின் கோடிங் கிளினிக் இதழ் 2018-இலேயே தெளிவுபடுத்திவிட்டது. பாதப் புண்ணுக்கும் ‘வித்’ விதி பொருந்தும், அங்கே ஈ11.621 வரும்.

இன்சுலின் என்றால் இசட்79.4, மாத்திரை என்றால் இசட்79.84, இன்சுலின் அல்லாத ஊசி மருந்து என்றால் இசட்79.85. கடைசியாகச் சொன்னது 2022 அக்டோபரில் வந்தது. பழைய சீட் ஷீட் (குறிப்புத் தாள்) வைத்திருப்பவர்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: பைபாஸும் ஸ்டென்ட்டும்

அறுவை வரலாறு இருந்தால் ஒரே கேள்வி: இப்போது நோய் எங்கே? கிராஃப்டுக்குள்ளேயே தடிப்பு வந்திருந்தால் ஐ70.2-ஐ விட்டு நகர வேண்டும். நோயாளியின் சொந்தச் சிரையால் செய்த பைபாஸ் ஐ70.4, வேறு உயிரிப் பொருள் ஐ70.5, செயற்கைக் குழாய் ஐ70.6, வேறு வகை ஐ70.7, வகை தெரியாவிட்டால் ஐ70.3. ஏணி அங்கேயும் அதேதான். கிராஃப்ட் நன்றாக ஓடுகிறது, நோய் வேறொரு சொந்தத் தமனியில் என்றால் ஐ70.2, கூடவே கிராஃப்ட் இருப்பதைச் சொல்ல இசட்95.828.

ஸ்டென்ட் வைத்த கால் என்றால் இசட்95.820, பலூன் மட்டும் போட்டு ஸ்டென்ட் வைக்காவிட்டால் இசட்98.62. ஸ்டென்ட்டுக்குள் மறுபடி சுருங்கியிருந்தால் அது சிக்கல் குறியீடு: அந்தச் சுருக்கத்துக்கே சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் கட்டத்தில் டி82.856ஏ.

இங்கே டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்டென்ட் வைத்த பிறகு ‘ஹிஸ்டரி ஆஃப் பிஏடி’ என்று எழுதாதீர்கள். கோடிங்கில் அந்தச் சொற்றொடருக்கு நோய் தீர்ந்துவிட்டது என்று பொருள். ஒரு குழாயைத் திறந்தால் தமனித் தடிப்பு போய்விடுவதில்லை. ‘பிஏடி, 2021-இல் ஸ்டென்ட், ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் தொடர்கின்றன, பாத நாடி இன்று பார்க்கப்பட்டது’ என்று எழுதினால் நோய் இருப்பதும் தெரியும், அதற்கு இன்று என்ன செய்தீர்கள் என்பதும் தெரியும். நோய்ப் பட்டியலில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும் பெயருக்கு ஆடிட்டில் மதிப்பில்லை.

படி 6: விட்டுப்போகும் சின்னக் குறியீடுகள்

நாள்பட்ட முழு அடைப்பு என்று எழுதப்பட்டிருந்தால் ஐ70.92, இது எப்போதும் ஐ70.2 முதல் ஐ70.7 வரை உள்ள ஒன்றுக்குப் பின்னால்தான், தனியாக நிற்காது. புகையிலையை ஐ70 பிரிவே கேட்கிறது: இப்போதும் சிகரெட்டுக்கு அடிமை என்றால் எஃப்17.210, விட்டுவிட்டார் என்றால் இசட்87.891. நெடுநாள் ஆஸ்பிரின் இசட்79.82, குளோபிடோகிரெல் போன்றவை இசட்79.02. விரலோ காலோ முன்பே எடுக்கப்பட்டிருந்தால் இசட்89 குடும்பத்தைப் பாருங்கள்.

ஒரு சார்ட்டை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

கற்பனைச் சார்ட்தான், ஆனால் இப்படித்தான் வரும். வெளிநோயாளி, 71 வயது. டைப் 2 சர்க்கரை, இன்சுலின். புகைப்பழக்கத்தை விட்டுவிட்டார். தினமும் ஆஸ்பிரின். ஏபிஐ வலது 0.68, இடது 0.41. டூப்ளெக்ஸ் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) அறிக்கையில் ‘இடது தொடைத் தமனியில் அடைப்பு’. நர்ஸ் குறிப்பில் ‘இடது குதிகால் புண், கொழுப்பு அடுக்கு தெரிகிறது’. டாக்டரின் மதிப்பீடு: ‘இரு கால்களிலும் அதிரோஸ்கிளீரோசிஸால் பிஏடி. வலதில் கிளாடிகேஷன். இடது குதிகாலில் ஆர்ட்டீரியல் அல்சர்.’

ஈ11.51 முதலில். வலதுக்கு ஐ70.211, இடதுக்கு ஐ70.244, புண்ணின் ஆழத்துக்கு எல்97.422. பின்னால் இசட்79.4, இசட்79.82, இசட்87.891. ஏபிஐ எண்கள் எந்தக் குறியீட்டையும் தரவில்லை.

ஐ70.92 போடலாமா? வேண்டாம். அடைப்பு என்று இருக்கிறது. நாள்பட்டது, முழுமையானது என்று யாரும் எழுதவில்லை. ஈ11.621? இதில் ஆடிட்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும். ‘ஆர்ட்டீரியல்’ என்பது ஒரு காரணத்தைச் சொல்கிறது, ஆனால் சர்க்கரைக்குத் தொடர்பில்லை என்று சொல்லவில்லை. விதியை எழுத்துப்படி படித்தால் சேரும். என் பழக்கம், புண்ணின் காரணத்தை டாக்டரிடம் ஒரு வரி கேட்டுவிட்டுப் போடுவது. அந்தப் பதில் சார்ட்டிலேயே தங்கிவிடும், அடுத்த விசிட்டுக்கும் உதவும்.

குவெரி எழுதும் விதம்

அமெரிக்காவின் மருத்துவப் பதிவுத் துறைச் சங்கங்களான அஹிமாவும் ஆக்டிஸும் சேர்ந்து வெளியிட்ட குவெரி வழிகாட்டுதல் 2022-இல் புதுப்பிக்கப்பட்டது. அதன் சாரம்: சார்ட்டில் உள்ள ஆதாரத்தைக் காட்டு, விடையை ஊட்டாதே, பணத்தைப் பற்றிப் பேசாதே. ‘ஓய்வு வலி என்று எழுதித் தர முடியுமா’ என்று கேட்டால் அது குவெரி அல்ல, விண்ணப்பம். இப்படிக் கேளுங்கள்:

‘இடது பாதத்தில் இரவு வலி இருப்பதாகவும், காலைத் தொங்கவிட்டால் குறைவதாகவும் இன்றைய குறிப்பில் உள்ளது. ஏபிஐ இடது 0.41. நோயாளிக்கு சர்க்கரை நோயும் உள்ளது. இந்த வலி பற்றிய உங்கள் மருத்துவ முடிவைப் பதிவு செய்யவும்: அதிரோஸ்கிளீரோசிஸால் வரும் ஓய்வு வலி / நீரிழிவு நரம்புப் பாதிப்பால் வரும் வலி / வேறு காரணம் / இப்போது முடிவு சொல்ல இயலவில்லை.’

கடைசி இரண்டு வாய்ப்புகளையும் விட்டுவிடக் கூடாது. அவை இல்லாத குவெரி டாக்டரை ஒரு மூலைக்குத் தள்ளுவதாகவே ஆடிட்டில் பார்க்கப்படும்.

கால் தமனித் தடிப்பு அல்லாதவை

திடீரென்று கால் குளிர்ந்து வெளிறி, ரத்தக் கட்டி தமனியை அடைத்தால் அது ஐ74.3; நாள்பட்ட தடிப்பும் சேர்ந்திருந்தால் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். தடிப்பிலிருந்து உடைந்த துகள் விரலில் போய் அடைத்தால் ஐ75.02. பர்ஜர் நோய் ஐ73.1, ரேனாடு ஐ73.0, இவற்றை ஐ70-க்குள் திணிக்க வேண்டாம். கழுத்துக் கரோட்டிட் சுருக்கம் ஐ65.2, அதுவே பக்கவாதத்தை உண்டாக்கியிருந்தால் ஐ63-க்குப் போக வேண்டும். வயிற்று அயோர்ட்டா வீக்கத்துக்கு 2022 அக்டோபர் முதல் ஐ71.4 மட்டும் போதாது. சிறுநீரகத் தமனிக்குக் கீழே என்றால் ஐ71.43 என்பதுபோல இடம் கேட்கிறது.

சிகிச்சைக் குறியீடும் பணமும்

ஏபிஐ சோதனைக்கு சிபிடி (சோதனை, சிகிச்சைகளுக்கான குறியீட்டுத் தொகுப்பு) 93922 முதல் 93924 வரை: ஒன்றிரண்டு மட்டங்கள், மூன்று அல்லது அதற்கு மேல், டிரெட்மில்லோடு என்று பிரிகிறது. கால் டூப்ளெக்ஸ் இரு பக்கமும் முழுமையாக என்றால் 93925, ஒரு பக்கம் அல்லது குறுகிய அளவில் என்றால் 93926. கால் தமனி அடைப்பைக் கதீட்டர் வழியாகத் திறப்பதற்கு 2011 முதல் இருந்த 37220–37235 தொகுதி 2026-இல் நீக்கப்பட்டு, 37254-இலிருந்து தொடங்கும் புதிய தொகுதி வந்துவிட்டது. அதில் சுருக்கமா, முழு அடைப்பா என்பதைப் பொறுத்தே குறியீடு மாறுகிறது, கணுக்காலுக்குக் கீழே உள்ள தமனிகளுக்கும் தனி இடம் உண்டு. அறுவைக் குறிப்பில் ‘லீஷன் (பாதிக்கப்பட்ட இடம்) சரிசெய்யப்பட்டது’ என்று பொதுவாக எழுதினால் இனி கோட் செய்யவே முடியாது.

நோயாளியின் நோய்களைப் பொறுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தரும் தொகையை முடிவு செய்யும் மெடிகேர் அட்வான்டேஜ் (அமெரிக்க முதியோர் காப்பீடு) ரிஸ்க் கணக்கில் 2024-இல் தொடங்கிப் படிப்படியாக வந்த வி28 மாதிரியும் இதே திசையில்தான் நகர்ந்திருக்கிறது. ஐ73.9-க்கும் கிளாடிகேஷன் குறியீடுகளுக்கும் அதில் மதிப்பில்லை. புண், கேங்ரீன் ஆகியவை ஹெச்சிசி 263 என்ற மதிப்புள்ள நோய்ப் பிரிவில் நிற்கின்றன. அதற்காக இல்லாத புண்ணைத் தேடிப் போகாதீர்கள். குறிப்பில் இருக்கும் புண்ணை ஐ73.9-க்குள் புதைக்காமல் இருந்தாலே போதும்.

குறியீடுகள் ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்று மாறும், ஏப்ரல் 1 அன்றும் சில சேரலாம். உள்நோயாளிக்கு டிஸ்சார்ஜ் தேதி, வெளிநோயாளிக்கு விசிட் தேதி எந்த ஆண்டுப் பதிப்பில் விழுகிறதோ அந்தப் பதிப்பைத் திறந்துவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.